மழையிலும் வாடும் மிளகாய்: வெள்ளவத்தை பல்கனித் தோட்டத்துக்கு ஒரு பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த மூன்றாம் மாடி வீடு. பல்கனியில் சாடிகளில் பச்சை மிளகாய், தக்காளி, கறிவேப்பிலை, வல்லாரை இருக்கு. ஏப்ரல் வரைக்கும் நல்லா வந்தது. இப்ப ஜூன் மழையில மிளகாய் இலை மஞ்சளாகி, பூ எல்லாம் கொட்டுது. ஒரு தக்காளி இரண்டு நாளில வாடிச் செத்துப்போச்சு. விடிய வேலைக்குப் போக முதல் எல்லாத்துக்கும் ஒவ்வொரு கோப்பை தண்ணி ஊற்றுறன், அரிசி கழுவின தண்ணியும் சேர்த்து. உடுப்பும் அங்கேதான் காயப்போடுறது. எங்கே பிழை விடுறன்?

பதில்: முதல் பிழை அந்தத் தினசரிக் கோப்பைதான். கொழும்பு மாதிரி ஈரலிப்பான ஊரில் சாடிச் செடி தாகத்தால் சாவதைவிட, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் சாவதே அதிகம். வானத்தையும் மணிக்கூட்டையும் விட்டுவிட்டு ஒவ்வொரு சாடியையும் தனித்தனியே பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பல்கனியில் மழை எல்லாச் சாடிக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. கம்பியோரம் நிற்கும் சாடி ஊறிப்போயிருக்கும். இரண்டடி உள்ளே நிற்பதற்கு இலை மட்டும் நனைந்து மண் காய்ந்து கிடக்கும். கணக்குப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். வாய் 12 அங்குலமான சாடியில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சேரும் தண்ணீர் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர். 10 மில்லிமீற்றர் பெய்தாலும் 700 மில்லிலீற்றர்தான். அதிலும் நன்றாகப் படர்ந்த மிளகாய்ச் செடி குடை மாதிரி அதில் ஒரு பங்கை வெளியே வழித்துவிடும். ஆனால் பின்னேரத்து இடிமழை 50 மில்லிமீற்றர் கொட்டினால் அதே சாடிக்குள் மூன்றரை லீற்றர் இறங்கும். காய்க்கிற மிளகாய்ச் செடி நல்ல வெயில் நாளில்கூட ஒரு லீற்றருக்குள்தான் குடிக்கும். மப்பு நாளில் அதில் பாதியும் தேவைப்படாது. அந்த மழைக்கு மறுநாள் விடிய நீங்கள் ஊற்றும் கோப்பை வேரை மூச்சுத் திணற வைக்கிறது.

பார்ப்பது எப்படி? விளக்குமாற்றிலிருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை எடுத்து, சாடியின் ஓரமாக அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு இழுங்கள். கறுப்பு மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். கீழ்ப்பாதி மட்டும் ஈரமென்றால் நாளைக்குப் பார்க்கலாம். சுத்தமாகக் காய்ந்து வந்தால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். ஊற்றினால் முழுதாக ஊற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது மேல் இரண்டு அங்குலம்தான் நனையும், வேரும் அங்கேயே சுற்றும். பிறகு இரண்டு நாள் வெயில் அடித்தால் செடி துவண்டுவிடும். தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் பத்துச் சாடியையும் பார்த்துவிடலாம். சில வாரங்களில் ஈர்க்கும் தேவைப்படாது. விளிம்பைப் பிடித்துச் சற்றுச் சரித்தாலே பாரம் சொல்லிவிடும்.

சாடிக்கு அடியில் சல்லிக்கல் போட்டிருக்கிறீர்களா? பலரும் வடிகாலுக்கென்று போடுவார்கள். அது எதிர்மாறாகத்தான் வேலை செய்கிறது. நொய்மண்ணிலிருந்து கல்லுக்குள் தண்ணீர் சும்மா இறங்காது. மேலே இருக்கும் மண் முழுக்க ஊறிய பிறகே இறங்கும். அதனால் அடியில் தேங்கவேண்டிய சேற்றுப் படை கல்லின் உயரத்துக்கு மேலேறி வேரோடு வந்து நிற்கிறது. கல்லை எடுத்துவிட்டு, துளைகளின் மேல் பழைய நுளம்பு வலைத்துண்டு ஒன்றை மட்டும் வையுங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளைகள் வேண்டும். சாடியை மாபிள் தரையில் நேரே வைத்தால் துளை அடைபட்டுப்போகும். மூன்று ஓட்டுத் துண்டுகளின் மேல் ஏற்றி வையுங்கள். கலவைக்கு மேல்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, மூன்றாவது பங்கில் பாதி தும்புச்சோறு, பாதி ஆற்றுமணல் அல்லது கரியாக்கிய உமி. தும்புச்சோறு தண்ணீரைப் பிடித்து வைக்கும் சாமான், மழைக்காலத்துக்கு இதைவிட அதிகம் போடக்கூடாது. பாவிக்க முதல் இரண்டு தடவை ஊறவைத்துப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும்.

இனி மஞ்சள் இலை. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவு. மழை அதைக் கரைத்து அடித்துளையால் கொண்டுபோய்விட்டது. ஒரேயடியாக நிறையப் பசளை போட்டால் அடுத்த மழையில் அதுவும் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு கைப்பிடி கூட்டெரு மேலே தூவி, மண்ணோடு கிளறிவிடுங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. ஊறிக் கிடக்கும் வேரில் அது வழமை, காயவிட்டாலே பெரும்பாலும் தெளியும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு நின்றால்தான் ஆபத்து. அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. சாடியைக் கவிழ்த்துச் செடியை மண்கட்டியோடு எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் எதிர்க்கும். அழுகிய வேர் கபில நிறத்தில் இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் மேற்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சும், புளித்த மணமும் அடிக்கும். பாதிக்கு மேல் வெள்ளை வேர் இருந்தால் காப்பாற்றலாம். கட்டியைப் பழைய பத்திரிகைத் தாள்களின் மேல் ஓர் இரவு வைத்து ஈரத்தை உறிஞ்சவிடுங்கள். அழுகியதை வெட்டுங்கள், மேற்கிளையிலும் மூன்றிலொன்றைக் குறையுங்கள். புதுக் கலவையில் நட்டு நாலைந்து நாள் நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை பசளை கிட்டவும் வேண்டாம்.

தக்காளி வாடியது வேறு கதையாக இருக்கலாம். இலை பச்சையாக இருக்கும்போதே ஒன்றிரண்டு நாளில் முழுச் செடியும் தொங்கினால் பக்டீரியா வாடல் என்று சந்தேகப்பட வேண்டும். தண்டின் அடியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுகம் தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போன்ற இழை கீழே இறங்கினால் அதுதான். இதற்கு மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் பொதியில் கட்டி அகற்றுங்கள், கூட்டெருவுக்குள் போடாதீர்கள். அந்தச் சாடியையும் வெட்டிய கத்தியையும் குளோரின் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். அந்த மண் இவற்றில் எதற்கும் உதவாது. இழை இறங்காவிட்டால் பெரும்பாலும் ஊறிய வேர்தான் காரணம். உண்மையைச் சொன்னால், கொழும்பு பல்கனிக்குத் தக்காளி நல்ல தெரிவல்ல. இரவு வெப்பம் 21 பாகைக்கு மேலே போனால் காய் பிடிப்பது குறையும். இங்கே மே, ஜூனில் இரவிலும் 25 பாகைக்குக் கிட்ட நிற்கும். அந்த இடத்தில் வேறு சாடியில், புது மண்ணில் கத்தரியோ வெண்டியோ வைத்தால் பிரயோசனம்.

மிளகாய்ப் பூ கொட்டுவதற்கு ஊறிய வேர் ஒரு காரணம், வெளிச்சக் குறைவு மற்றது. காய்க்கிற மிளகாய்க்கு ஆறு மணித்தியால நேர்வெயில் வேண்டும். மேற்கு பார்த்த பல்கனிக்கு வெயில் வருவதே மத்தியானத்துக்குப் பிறகு; தென்மேல் பருவக்காற்று மாதங்களில் அதையும் முகில் மறைக்கும். மிச்சத்தை நீங்கள் காயப்போடும் உடுப்பு மறைக்கிறது. உடுப்புக் கொடியைச் சுவரோரம் கட்டுங்கள், கம்பிப் பக்கம் செடிக்கு. சோப் தண்ணி சொட்டும் உடுப்புக்குக் கீழே சாடி வைக்கவே கூடாது. மழை விட்ட காலைகளில் பூத்த கிளைகளை விரல் நுனியால் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்க உதவும்.

இலை சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கி வளைந்தால் சிற்றுண்ணி. மழை நேரே படும் செடியில் இவை கழுவுப்பட்டுப் போகும். கூரைக்குக் கீழே உள்ள செடியில்தான் பெருகும். கால் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முதலில் கலக்குங்கள், பிறகு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். ஒழுங்கை மாற்றினால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து, ஏழு நாளில் திரும்ப அடியுங்கள்.

கடற்காற்றையும் மறக்கக்கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை காற்று கடலிலிருந்து நேரே உங்கள் பல்கனிக்குள் வருகிறது, உப்பையும் கொண்டுதான். இலையின் நுனியும் விளிம்பும் மட்டும் கருகினால் அது உப்பின் வேலை. காற்றடித்த இரவுக்குப் பிறகு விடிய இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், பகலில் காய்ந்துவிடும். பின்னேரம் கழுவினால் இரவு முழுக்க ஈரம் நின்று பூஞ்சணம் வரும். கம்பியில் பொலித்தீன் கட்டாதீர்கள், காற்று அதற்கு மேலால் ஏறிச் சுழன்று செடியை முறிக்கும். 50 வீத நிழல் வலை கட்டினால் காற்று ஊடுருவி வேகம் தணியும்.

வீட்டு வேலையையும் தோட்டத்தையும் பருவத்தோடு பொருத்தினால் இரண்டும் இலகு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளித்திருக்கும், இடிமழை பின்னேரம் வரும். உடுப்பை எட்டு மணிக்கு முதல் விரித்து, மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் இருப்பவர் எடுக்கட்டும். அந்த மாதங்களில் ஈர்க்குப் பரிசோதனை விடியத்தான், ஏனென்றால் முதல்நாள் மழையின் கணக்கு அப்போதே தெரியும். தென்மேல் பருவத்தில் மழைக்கு நேரமில்லை, இரவிலும் அதிகாலையிலும் கொட்டும். உடுப்பை உள்ளே காற்றாடியின் கீழ் காயப்போடுவதே மேல். ஜனவரி, பெப்ரவரி கொழும்பின் வறண்ட மாதங்கள், அப்போதுதான் தினமும் தண்ணீர் தேவைப்படும்.

அரிசி கழுவின தண்ணீர் நல்லது, அன்றன்றைக்கே, தண்ணீர் வேண்டிய சாடிக்கு மட்டும். உப்புப் போட்டு அவித்த தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், பால் கலந்த தேயிலைத் தூள், பால் பிழிந்த தேங்காய்ப்பூ எதுவும் பல்கனிச் சாடிக்கு வேண்டாம். எறும்பும் எலியும்தான் வரும். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போகட்டும் என்று இரவிரவாகத் திறந்து வைக்கவும் தேவையில்லை, அந்த அளவு குளோரின் செடியை ஒன்றும் செய்யாது.

திறந்த வாளியில் டெங்கு நுளம்புதான் முட்டையிடும். சாடிக்குக் கீழுள்ள தட்டு, ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி, மணிப்பிளான்ற் போத்தல், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாம் ஒன்றுதான். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் காணாது, முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தும்புப் பிரஷ்ஷால் உரசிக் கழுவுங்கள். மழைக்காலத்தில் சாடித் தட்டுகளையே எடுத்து வைத்துவிடலாம். நுளம்பு பெருக இடம் விடுவது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பல்கனிச் சாடியையும் பார்ப்பார்.

இந்த மழைக்கு வல்லாரையும் கங்குனும் பொன்னாங்காணியும் சந்தோசமாக வளரும், கம்பியோர ஈர இடத்தை அவற்றுக்குக் கொடுங்கள். கறிவேப்பிலையை உள்ளே தள்ளி, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். தப்பிய மிளகாயை வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம், ஆனால் ஓகஸ்ட் கடைசியில் புதுவிதையும் போடுங்கள். நாலைந்து வாரத்தில் நாற்று நடத் தயாராகும். ஒக்டோபர், நவம்பர் மழையைக் கூரைக்குக் கீழே கடந்துவிட்டால் ஜனவரி வெயிலுக்குக் காய்க்கும். அதற்குள்ளும் இலைக் குறி ஏதும் விளங்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். எடுக்க முதல் மூன்று விபரம் கையில் இருக்கட்டும்: நட்ட திகதி, மஞ்சளாவது அடி இலையா நுனி இலையா, ஈர்க்கு ஈரமாக வந்ததா காய்ந்து வந்ததா.