மலைச் சுனைக்கு ஒரு நாள் நடை: வாசகர் கேள்விகள்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எத்தனை பேர், என்ன வயது, எந்த மாதம் என்ற விவரமே இல்லை. "நல்ல இடமா சொல்லுங்க சார்" என்றால் நான் ஜோசியமா பார்க்கிறேன்? இந்த முறை போகட்டும் என்று சிலருக்குப் பதில் எழுதிவிட்டேன்.

ஞாயிறு ஒரு நாளில் போய் வர வேண்டும். மலையும் குளமும் இருக்க வேண்டும். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. (லாஸ்பேட்டை)

செஞ்சிக் கோட்டை. உங்களுக்கு 70 கிலோமீட்டர் சொச்சம், திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிவிடலாம். அம்மாவை ராஜகிரி உச்சிக்குக் கூட்டிப் போகாதீர்கள். உயரம் ஏறக்குறைய 800 அடி, படிகள் ஒன்று போல ஒன்று இருக்காது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் போகும். அடிவாரத்திலேயே கல்யாண மகால், ஆனைக்குளம், கொஞ்சம் தள்ளி சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று நிழல் பார்த்து உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். வெங்கட்ரமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். நீங்கள் மட்டும் மேலே ஏறுவதானால் காலையில் கதவு திறந்ததும் ஏறி, மதியம் 12 மணிக்குள் கீழே வந்துவிடுங்கள்.

கேப்பர் மலையில் ட்ரெக்கிங் போகலாமா? (மஞ்சக்குப்பம்)

பெயரில் மட்டும்தான் மலை. காலை நடைக்குப் போய் வாருங்கள்.

தினமும் பீச் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். தனியாகப் பயிற்சி தேவையா? (முத்தியால்பேட்டை)

தேவை. சமதரையில் ஐம்பது கிலோமீட்டர் நடந்தாலும் தொடைக்கு இறங்கும் பழக்கம் வராது. மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடலூர் பக்கம் வந்தால் திருவந்திபுரம் ஔஷதகிரியில் 74 படி இருக்கிறது. ஹயக்ரீவரைக் கும்பிட்ட கையோடு ஐந்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள், மறுநாள் காலையில் உங்கள் தொடையே பதில் சொல்லும். புது ஷூ வாங்கி நேராக மலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

எந்த மாதம் நல்லது? (நெய்வேலி)

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து சுனைகள் தளும்பி நிற்கும், பாறையும் சுடாது. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி மின்னலில் மொட்டைப் பாறைமேல் நிற்பது அறிவீனம். கோடையில் காட்டுத்தீ பயம். 2018 மார்ச்சில் குரங்கணியில் 20 பேருக்கு மேல் இறந்தது மறந்திருக்காது. அதற்குப் பிறகுதான் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகளே வந்தன.

கல்வராயன் மலையில் ஒரு அருவியையும் அதற்கு மேலே உள்ள மடுவையும் வீடியோவில் பார்த்தோம். மேப்பில் இரண்டு மணி நேரம் என்று காட்டுகிறது. நாங்களே போய்விடலாமா? (விருத்தாசலம்)

எந்த அருவி? பெயர் இல்லை. எத்தனை பேர்? அதுவும் இல்லை. மேப் காட்டும் இரண்டு மணி நேரத்தில் ஏற்றமும் கிடையாது, முள்ளும் கிடையாது. பாதி வழியில் போனில் சிக்னலும் இருக்காது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். கள்ளக்குறிச்சி வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், அவர்கள் சரி என்றால் அந்த மலை ஊர்க்காரர் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிப் போங்கள். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால், 2024-இல் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. இணையத்தில் பதிவு செய்யலாம். சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். எதில் போனாலும் மதியத்துக்குள் இறங்குகிற கணக்கில் போங்கள்.

சுனையில் குளிக்கலாமா? சோப்பு எடுத்துப் போகலாமா? (பண்ருட்டி)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கூடாது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. சுனை என்பது ஓடுகிற தண்ணீர் இல்லை, மழை கொண்டுவந்ததைப் பாறை பிடித்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான். நீங்கள் கரைத்த சோப்பு அடுத்த மழை வரை அங்கேயே கிடக்கும். கோடையில் குரங்கிலிருந்து குருவி வரை குடிப்பது அதைத்தான்.

சரி, சோப்பு இல்லாமல் இறங்கலாமே என்பீர்கள். சுனை ஓரத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். மேலே காய்ந்த பாறை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதற்குக் கீழே, தண்ணீர் வற்றி இறங்கிய இடத்தில், இரண்டு சாண் அகலத்துக்குக் கரும்பச்சையாக ஒரு பட்டை ஓடும். பாசி. வெயிலில் காய்ந்தால் சருகு போல உரியும், ஈரம் பட்டால் நறுக்கிய வெண்டைக்காய்தான். பல வருடங்களுக்கு முன் பாட்டிலில் தண்ணீர் மொள்ளக் குனிந்தவன், அந்தப் பட்டையில் ஒரு காலை வைத்தேன். அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தேன், காலுக்குத் தரை தட்டவில்லை. எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் வெளியே வர நீச்சல் உதவாது. பிடிக்க விளிம்பு இல்லை, கை வைத்த இடமெல்லாம் வழுக்கியது. நண்பர் புத்திசாலி, கை நீட்டவில்லை. காய்ந்த பாறையில் குப்புறப் படுத்து, வேட்டியை அவிழ்த்து முறுக்கி வீசினார். கை நீட்டியிருந்தால் இருவருமாக உள்ளே கிடந்திருப்போம். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதித்து இரண்டு பேரும் போன செய்தியை வருடத்துக்கு எத்தனை முறை படிக்கிறோம்?

காய்ந்த பாறையோடு நில்லுங்கள். குழந்தை இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், செல்ஃபி எடுக்கும்போதும்.

ஊரிலிருந்து 'ஐட்டம்' கொண்டு போகலாமா? (அரியாங்குப்பம்)

கூடாது. சுனைக்கு அடியில் கிடக்கிற கண்ணாடித் துண்டெல்லாம் யார் ஊர் பாட்டில் என்று எனக்குத் தெரியும்.

கல்வராயனில் குளிருமா? நாலு பேருக்கும் ஸ்வெட்டர் எடுக்கிறோம். (கடலூர் முதுநகர்)

3,000 அடிக்குக் கடலூரைவிட ஐந்து, ஆறு டிகிரி குறையும். தங்கினால் சரி, பகலில் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஸ்வெட்டர் சுமைதான். அந்த இடத்தில் ஆளுக்கு இன்னொரு லிட்டர் தண்ணீர் வையுங்கள். மொத்தம் ஆளுக்கு மூன்று லிட்டர்.