எடை குறைத்தால்தான் ஆபரேஷனா?

கேள்வி: நான் திருநம்பி, வயது 26. உயரம் 165 செ.மீ., எடை 92 கிலோ. மார்பகத்தை நீக்கும் மார்பு அறுவை சிகிச்சைக்குக் கேட்டபோது, ‘பி.எம்.ஐ. 30-க்குக் கீழே வந்தால் பார்க்கலாம்’ என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். குறைத்தே ஆகவேண்டுமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: முதலில் கணக்கு. பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். 1.65-ஐ 1.65-ஆல் பெருக்கினால் 2.72. 92-ஐ அதால் வகுத்தால் 33.8. 30-க்குக் கீழே வர 81 கிலோவாவது ஆகவேண்டும். இந்த 30 எந்தச் சட்டத்திலும் இல்லை; அந்த மருத்துவரோ மருத்துவமனையோ வைத்துக்கொண்ட வரம்பு. 35 வரை எடுப்பவர்கள் உண்டு, 40 வரை எடுப்பவர்களும் உண்டு.

அதற்காக அவர் பயம் பொய் என்று ஆகிவிடாது. கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் காயம் மெதுவாக ஆறும், சீழ் பிடிக்க வாய்ப்பு கூடும். தோலுக்கு அடியில் விழும் இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளும். அதை வடிக்கத்தான் இரண்டு பக்கமும் டியூப் வைப்பார்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்கும் குறைவாக வடியும்வரை பொதுவாக எடுக்க மாட்டார்கள். அடுத்தது, அக்குள் பக்கம் சதை அதிகமிருந்தால் தழும்பின் முனையில் தோல் மடிந்து துருத்தி நிற்கும். ‘நாய்க்காது’ என்பார்கள். தழும்பை முதுகுப் பக்கம் நீட்டிப் போட்டால் அது குறையும். ‘எனக்கு எவ்வளவு நீளம் வெட்டுவீர்கள்?’ என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை கூடுதல் டிரஸ்ஸிங்கிலோ, பின்னால் ஒரு சிறு திருத்தத்திலோ சரியாகிவிடுபவை. ஆகவே 33.8 என்ற எண்ணை மட்டும் காட்டி மார்பு அறுவையை மறுப்பது அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்பதே எங்கள் கருத்து. இன்னொரு அறுவை நிபுணரைப் பாருங்கள். போகும்போது மூன்று விஷயங்களைக் கையில் வைத்திருங்கள்: மூன்று மாதச் சராசரி சர்க்கரை (ஹெச்.பி.ஏ.1.சி.), ரத்த அழுத்தம், குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற பரிசோதனை. சிகரெட், ஹான்ஸ் எதுவானாலும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். வெட்டி ஒட்டும் மார்புக் காம்பைக் கருக வைப்பதில் பத்துக் கிலோ எடையைவிட நிகோடின்தான் பெரிய எதிரி.

மதுரை வெயிலில் பைண்டர் (மார்பைத் தட்டையாக இறுக்கும் உள்ளாடை) போடுபவர்களுக்கு மார்புக்கு அடியில் படை வரும். கத்தி படும் இடமும் அதுவே. முன்னமே மருந்து போட்டு ஆற்றிவிடுங்கள்.

குறைப்பதென்றே முடிவெடுத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ போதும். கடைசி மூன்று மாதம் எடை ஆடாமல் நிற்கட்டும். பட்டினி கிடந்து குறைத்துவிட்டு மேசையில் படுத்தால், புண் ஆறத் தேவையான புரதமே உடம்பில் இருக்காது.

கேள்வி: திருநங்கைகளுக்கு யோனி அமைக்கும் கீழ் அறுவைக்கும் இதே கதைதானா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை, இங்கே எடை கூடுதலாகக் கணக்கில் வரும். கால்களை மேலே தூக்கிக் கட்டிய நிலையில் பல மணி நேரம் கிடக்க வேண்டும். கனமான கால்களில் நரம்பு அழுந்தி, பிறகு பாதம் மரத்துப்போகலாம். யோனிக்கான வழியை மலக்குடலுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே, ஆழத்தில் பிரிக்கிறார்கள். கொழுப்பு தடிக்கத் தடிக்கப் பார்வை மறையும். அடிவயிற்றுச் சதை தடிமனாக இருந்தால் யோனி அமைக்க எடுக்கும் தோலின் ஒரு பகுதி அதைத் தாண்டி வரவே செலவாகி, உள்ளே கிடைக்கும் ஆழம் குறையலாம்.

வீட்டுக்கு வந்தபின்தான் அதிகப் பாடு. தொடைகள் உரசி, வியர்த்து, பின்பக்கத் தையல் பிரியலாம். கழுவியபின் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பருத்தித் துணி வைத்துக் காற்றுப்பட விடுங்கள். முதல் மாதங்களில் ஒரு நாளைக்குப் பல முறை டைலேட்டர் (வழி சுருங்காமல் இருக்க உள்ளே வைக்கும் கருவி) வைக்க வேண்டும். வயிறு மறித்தால் சாய்ந்து உட்கார்ந்து, கைக்கண்ணாடி வைத்துப் பழகுங்கள். ஈஸ்ட்ரஜன் எடுப்பவர் என்றால் கால் ரத்தக் கட்டி பற்றிக் கண்டிப்பாகப் பேசுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விதை நீக்கம் மட்டும் என்றால் சின்ன அறுவை. எடை பெரும்பாலும் தடையாகாது. ஏற்கெனவே ‘நிர்வாணம்’ (திருநங்கைகள் மரபில் ஆணுறுப்பு நீக்கம்) ஆனவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் தோலைப் பொறுத்தே திட்டம் மாறும்.

கேள்வி: எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போடுகிறேன். ஆபரேஷன் அன்று பாதிக்குமா?
– வாசகர், கோவை

பதில்: செமாக்ளூடைட் வகை என்றால் பாதிக்கலாம். இரைப்பை காலியாக நேரமாகும். பட்டினி இருந்தும் உள்ளே சாப்பாடு தங்கி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லி அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-இல் அறிவுறுத்தியது. இப்போது ஆளுக்கு ஏற்ப முடிவெடுக்கிறார்கள். கடைசியாக ஊசி போட்ட தேதியை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்காகப் போடுகிறீர்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: 168 செ.மீ., 44 கிலோ. மார்பகத்துக்கு இம்ப்ளான்ட் வைக்க ஆசை. ஒல்லி என்றால் சுலபம்தானே?
– வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் பி.எம்.ஐ. 15.6. மூடுவதற்குச் சதை இல்லாததால் இம்ப்ளான்டின் விளிம்பும் சுருக்கமும் தோலில் தெரியும். தசைக்கு அடியில் வைத்தாலும் கீழ்ப்பக்கம் தெரியக்கூடும். முதலில் ஹீமோகுளோபின், அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) பாருங்கள். ஐந்தாறு கிலோ ஏறட்டும். ஹார்மோன் தொடங்கி ஒரு வருடமாவது ஆகட்டும். அதற்குள் மார்பகம் தானாகவும் கொஞ்சம் வளரும், எந்த அளவு தேவை என்பதும் அப்போது தெரியும்.