சாஃப்டா, ஈஸியா? ‘ஹார்டு’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் எது

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். மாதிரித் தேர்வு ஒன்றில் ‘ஹார்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். தெரிவுகளில் ‘சாஃப்ட்’, ‘ஈஸி’ இரண்டுமே இருந்தன. ‘சாஃப்ட்’ என்று குறித்தேன். ‘ஈஸி’தான் சரி என்கிறது விடைக்குறிப்பு. என் கையேட்டிலோ ‘சாஃப்ட்’ என்றே இருக்கிறது. எதை மனப்பாடம் செய்வது?

பதில்: எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் விடையில் குற்றமில்லை, கேள்விதான் கோளாறு. வாக்கியமே தராமல் ஒற்றைச் சொல்லை நிறுத்திவைத்து எதிர்ச்சொல் கேட்பதும், பொருந்தக்கூடிய இரண்டையும் தெரிவுகளில் வைப்பதும், பிறகு ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் தருவதும் மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

நம் மொழியிலேயே பாருங்கள். ‘கடினமான பாறை’ என்கிறோம், ‘கடினமான கணக்கு’ என்றும் சொல்கிறோம். பாறைக்கு எதிர் மென்மை, கணக்குக்கு எதிர் எளிமை. ‘மென்மையான கணக்கு’ என்று எவரும் சொல்வதில்லை. ‘ஹார்டு’ என்பதும் அப்படித்தான். அதை அடுத்து வரும் பெயர்ச்சொல்தான் எதிர்ச்சொல்லை முடிவு செய்கிறது. பாறை என்றால் ‘சாஃப்ட்’, கேள்வித்தாள் என்றால் ‘ஈஸி’, கொடுங்குளிர்காலம் என்றால் ‘மைல்டு’, உழைப்பாளி என்றால் ‘லேசி’. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதியாகக் கரைந்த கடின நீர் ‘ஹார்டு வாட்டர்’. அதன் எதிர் ‘சாஃப்ட் வாட்டர்’, அதாவது மென்னீர். ஒலிப்பிலும் இந்த இணை உண்டு: ‘கேக்’ என்ற சொல்லின் முதலெழுத்தான ‘சி’ ஹார்டு, ‘சிட்டி’ என்பதில் வரும் அதே எழுத்து சாஃப்ட்.

எனவே சொல்லை அதன் பெயர்ச்சொல்லோடு சேர்த்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் அதன் எதிரைக் கண்டுபிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குத் திரும்புங்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு இது போதும்.

ஓர் இடத்தில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள்: ‘ஹார்ட்லி’. ‘குயிக்’ என்பதிலிருந்து ‘குயிக்லி’ வருவதுபோல ‘ஹார்டு’ என்பதிலிருந்து இது வந்திருக்கும், ‘கடினமாக’ என்று பொருள் தரும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இன்றைய வழக்கில் அதன் பொருள் ‘அநேகமாக இல்லை’ என்பதே. ‘ஷி வொர்க்ஸ் ஹார்டு’ என்றால் அவள் கடுமையாக உழைக்கிறாள். ‘ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் அவள் வேலையே செய்வதில்லை என்று சொல்லிவிடலாம். வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ வொர்க்டு ஹார்ட்லி’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். வினையை விளக்கும்போதும் ‘ஹார்டு’ என்றே எழுத வேண்டும். ‘லி’ சேர்க்கக் கூடாது. ‘ஹார்ட்லி’ ஏற்கெனவே எதிர்மறையைச் சுமந்திருப்பதால், அதனோடு ‘நோ’, ‘நெவர்’ சேர்ப்பதும் பிழை. ‘ஹார்ட்லி எனி’, ‘ஹார்ட்லி எவர்’ என்பவையே சரி. எதிர்ச்சொல் பட்டியல்களில் இந்த எச்சரிக்கையைத் தேடினாலும் கிடைக்காது.

பட்டியல்கள் என்றதும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரு கையேட்டைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என அச்சிட்டு, ஒரு சொல்லுக்கு ஒரே எதிர்ச்சொல் என்று விற்கிறார்கள். பயிற்சி மையங்கள் சிலவும் அதையே நகலெடுத்து ‘முக்கிய வினாக்கள்’ என்று தனிக் கட்டணம் வாங்குகின்றன. அந்தப் பணத்துக்கு, மொழி கற்போருக்கென்று தயாரிக்கப்பட்ட நல்ல ஆங்கில அகராதி ஒன்றை வாங்கிவிடலாம். அதில் ‘ஹார்டு’ என்ற சொல்லின் பொருள்களைத் தனித்தனியே பிரித்து, எதிர்ச்சொல் உள்ள பொருளுக்கு அதைப் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள்.

பொருளால் நெருங்கிய சொற்களைத் தொகுத்துத் தரும் ‘தெசாரஸ்’ அகராதிக்கு மாற்றாகாது. 1852-இல் வெளியான ரோஜட்டின் தெசாரஸ் எதிரெதிர்க் கருத்துகளை அருகருகே தொகுத்தது. கருத்துகள் எதிரெதிராக இருப்பதாலேயே இரு பக்கமும் உள்ள சொற்களை இணை இணையாக எடுத்துக்கொள்ள முடியாது. ‘லார்ஜ்’ என்பதற்கு இயல்பான இணை ‘ஸ்மால்’, ‘பிக்’ என்பதற்கு ‘லிட்டில்’ என்று மொழியில் பழக்கம் ஊன்றியிருக்கிறது.

‘இன்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தாலே எதிர்ச்சொல் வந்துவிடும் என்று சொல்லிக்கொடுப்பவர்களையும் நம்பாதீர்கள். ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டுக்குமே எளிதில் தீப்பற்றக்கூடியது என்றுதான் பொருள். இவற்றை எதிர்ச்சொற்கள் என்று சொல்லித்தருவது உயிருக்கே ஆபத்து.

உண்மையான தேர்வில் இப்படிக் கேட்டால் என்ன செய்வது? முதலில் நான்கு தெரிவுகளையும் படியுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் பொருந்தும். இரண்டு பொருந்தினால் ஒன்றைக் குறித்துவிட்டு மேலே செல்லுங்கள், அங்கேயே நேரத்தை இழக்க வேண்டாம். பல தேர்வு அமைப்புகள் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள்கள் அவகாசம் தருகின்றன. வினா எண்ணைக் குறிப்பிட்டு, இரு பொருளும் தெரியும் அகராதிப் பக்கத்தின் நகலை இணைத்து அனுப்புங்கள். கையேட்டுப் பக்கத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். கடைசி நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். அவகாசம் முடிந்தபின் எவ்வளவு நியாயமான ஆட்சேபமானாலும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.