குடத்தை விட்டுவிட்டுப் போனவர்: தவக்காலக் கேள்வி–பதில்

கேள்வி: ஃபாதர், கணவர் என்னை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. தவக்காலம் மூன்றாம் ஞாயிறு பூசையில், கிணற்றடியில் இயேசு சந்தித்த சமாரியப் பெண் பற்றிய வாசகம். பிரசங்கத்தில் அவரை ‘நடத்தை கெட்டவள்’ என்று நாலைந்து முறை சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தது போலவே இருந்தது. அந்தப் பெண் அப்படிப்பட்டவர்தானா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடினேன். பாவி என்ற சொல் அதில் இல்லை. ‘இனிப் பாவம் செய்யாதே’ என்றும் இயேசு அவரிடம் சொல்லவில்லை. ஐந்து கணவர்கள் இருந்தார்கள், இப்போது இருப்பவர் கணவர் அல்ல என்று மட்டும்தான் சொல்கிறார். அந்தக் காலத்தில் மணவிலக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது ஆண் (இணைச்சட்டம் 24). கணவன் பிள்ளையில்லாமல் இறந்தால் அவன் சகோதரன் அவளை மணக்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. ஐந்து பேரும் இறந்தார்களா, அவரைத் தள்ளிவிட்டார்களா? நற்செய்தி சொல்லவில்லை. சொல்லாததை நாம் ஏன் அவர் தலையில் ஏற்ற வேண்டும்?

நண்பகலில் தண்ணீருக்கு வந்ததால் ஊர்ப் பெண்களுக்குப் பயந்து வந்தார் என்பார்கள். அதுவும் வாசகத்தில் இல்லை. நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். சின்ன வயதில் எங்கள் அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார். காலையில் கூட்டம் இருக்கும், தண்ணீர் ஊறக் காத்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் போனால் சீக்கிரம் நிரம்பும் என்று அந்த நேரத்தில் போவார். அதற்காக எங்கள் அம்மாவை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

வாசகத்தில் உள்ளது என்ன? எருசலேமிலா, இந்த மலையிலா, எங்கே வழிபட வேண்டும் என்று ஒரு பெரிய கேள்வியை அந்தப் பெண் கேட்கிறார், இயேசுவும் நின்று நிதானமாகப் பதில் சொல்கிறார். முந்தைய அதிகாரத்தில் வந்த நிக்கதேம் பெரிய போதகர், அதுவும் இரவில் வந்தவர். அவரிடம் சொல்லாததை, ‘நானே மெசியா’ என்பதை, நடுப்பகலில் இந்தப் பெண்ணிடம் சொல்கிறார். அவர் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறார். தண்ணீர்க் குடத்தை விட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் பெண்களுக்குத் தெரியும். அவர் பேச்சைக் கேட்டுத்தான் சிக்கார் ஊரே திரண்டு வந்தது, இயேசு இரண்டு நாள் அங்கே தங்கினார். சாட்சி சொன்ன பெண் என்றுதான் நான் அவரைப் பற்றிப் பிரசங்கிப்பேன். அடுத்த ஞாயிறும் உங்கள் இடத்தில் போய் உட்காருங்கள்.

கேள்வி: திருநீற்றுப் புதனிலிருந்து எண்ணினால் 46 நாள் வருகிறதே, ஏன் 40 என்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இந்த 2026இல் பிப்ரவரி 18 திருநீற்றுப் புதன், ஏப்ரல் 5 உயிர்ப்புப் பெருவிழா. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு இல்லை. சாப்பிடலாம். தவக்காலத்தில் திருநீற்றுப் புதனும் வெள்ளிகளும்தான் திருச்சபை சொல்லும் புலால் தவிர்க்கும் நாள்கள். வீட்டில் நாற்பது நாளும் கவிச்சி இல்லாமல் இருப்பது நம் முன்னோர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் உடம்புக்கு முடியாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கேள்வி: ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஒவ்வொரு வருடமும் ‘சந்தேகத் தோமா’ வாசகமே வருகிறது. இயேசு உயிர்த்ததை நம்பாதவரைப் பற்றி ஏன் திரும்பத் திரும்ப?
– மறைக்கல்வி ஆசிரியை, திருச்சி

பதில்: ‘எட்டு நாள்களுக்குப் பின்’ என்று அந்த வாசகத்திலேயே இருக்கிறது டீச்சர். ஈஸ்டரிலிருந்து எட்டாம் நாள் அந்த ஞாயிறுதான். அதனால் மூன்று ஆண்டு வாசக வட்டத்தில் எந்த ஆண்டானாலும் யோவான் 20:19–31 மாறாது.

பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். இந்த 2026 அந்த வட்டத்தில் முதலாம் ஆண்டு, மார்ச் 22 ஞாயிறு, இறந்த இலாசரை இயேசு உயிர்ப்பித்த வாசகம். யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்கள் என்று சீடர்கள் தயங்கியபோது, ‘நாமும் போவோம், அவரோடு சாவோம்’ என்றவர் யார்? தோமாதான் (யோவான் 11:16). குறுகிய வாசகத்தை எடுத்தால் இந்த வசனம் விடுபட்டுப் போகும். அதனால்தான் நான் எப்போதும் முழு வாசகத்தையே வாசிக்கச் சொல்வேன், கால் வலித்தாலும் பரவாயில்லை. சாகத் துணிந்து வந்த ஒருவர், இயேசு செத்துப் போனதும் எப்படி உடைந்திருப்பார்! மற்றவர்களுக்கு ஆண்டவர் காயங்களைக் காட்டினார், தோமா கேட்டதும் அதே காயங்களைத்தான். சென்னையில் தோமாவின் பெயர் கொண்ட பரங்கிமலை ஏறும்போது ‘நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்’ என்று அவர் சொன்னதைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: சொத்துத் தகராறில் அப்பாவோடு பேச்சு நின்றது. அவர் இறந்தபோது குவைத்திலிருந்து நான் வரவில்லை. லீவு கிடைக்கும், இருந்தும் வரவில்லை. ஒன்பது வருடமாகக் கோயிலுக்கும் போகவில்லை. இந்த ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறேன், அம்மா தனியாக இருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, என்ன சொல்லித் தொடங்குவது?
– வாசகர், பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளை யோவானிலிருந்து வாசிப்போம். தலைமைக் குரு வீட்டு முற்றத்தில், குளிருக்குக் கரி நெருப்பு மூட்டிக் காய்ந்துகொண்டு நிற்கும்போதுதான், ‘நீயும் இயேசுவின் சீடன்தானே?’ என்று கேட்டவர்களிடம் பேதுரு ‘நான் அல்ல’ என்கிறார். ஈஸ்டர் வார வெள்ளியன்று 21ஆம் அதிகாரம் வாசிப்போம். இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல், விடியலில் இயேசு சொன்னபடி போட்டு மீனோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே எரிவதும் கரி நெருப்பு. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில்தான் அது வருகிறது. அந்த வாசனை பட்டதும் பேதுருவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். இருநூறு முழத் தூரத்தைப் பொறுக்காமல் பேதுரு கடலில் குதித்து வருகிறார். ‘ஏன் அப்படிச் சொன்னாய்?’ என்று இயேசு கேட்கவில்லை. நெருப்பில் மீன் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, சாப்பிட வாருங்கள் என்கிறார். சாப்பிட்டு முடிந்த பின்புதான் ‘என்மீது அன்பு உண்டா?’ என்ற கேள்வி, மறுதலித்த மூன்று முறைக்கும் மூன்று முறை.

என் அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். மீன்பாடு இல்லாமல் கரையேறும் நாளில் அவர் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் கேட்க மாட்டார். கஞ்சியை வைப்பார், சுட்ட கருவாடு வைப்பார். அப்பா கை கழுவிய பிறகுதான் கடன், வலை, வட்டிப் பேச்செல்லாம். 21ஆம் அதிகாரத்தை நான் புரிந்துகொண்டது அந்த அடுப்படியில்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘சாமி, ஒன்பது வருடம் ஆயிற்று, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை’ என்று சொன்னால் போதும். மிச்சத்துக்குக் குருவானவர் துணை வருவார். எனக்கு முன்னால் முழந்தாள்படியிட்டு அப்படித் தொடங்கியவர்கள் பலர், ஒருவரையும் நான் கடிந்துகொண்டதில்லை. குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள்களில் பக்கத்துப் பங்குச் சாமிமார்களும் பாவசங்கீர்த்தனம் கேட்க வருவார்கள், தெரிந்த முகம் வேண்டாம் என்றால் அவர்களிடம் போங்கள். அப்பா கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், ஊர் வந்து இறங்கியதும் அம்மா கையால் சாப்பிடுங்கள். அப்பாவைப் பற்றி அவர்களிடம் அப்புறம் பேசலாம்.