எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை: வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, தினமும் அபிராடெரோன் மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: "பிஎஸ்ஏ எவ்வளவு?" என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள்; பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் ரத்த அளவு. முதல் சில மாதங்களில் அது பெரும்பாலும் இறங்கிவிடும். இந்தப் புற்றுநோயை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத்தான் சிகிச்சை வற்றவைக்கிறது. ஆளைப் படுத்துவது அப்படி வற்றிப்போன உடம்பு. அதைத்தான் வீட்டில் கவனிக்க வேண்டும்.

முதலில் ஊசி. லியூப்ரோலைடு, கோசெரலின், டிரிப்டோரெலின் எல்லாம் ஒரே வகை. முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறி, அப்புறம்தான் விழும். அந்த ஏற்றத்தில் எலும்பு வலி கூடலாம். அதைத் தடுக்கத்தான் ஊசிக்குச் சில நாள் முன்பே, அந்த ஹார்மோன் வேலை செய்யவிடாமல் தடுக்கும் பைகலுடமைடு மாத்திரை 50 மி.கி. தொடங்கி, சில வாரம் மட்டும் கொடுப்பார்கள். டெகாரெலிக்ஸ் ஊசிக்கு இந்த ஏற்றம் கிடையாது. ஆனால் அதை 28 நாளுக்கு ஒருமுறை போட வேண்டும்.

"மூன்று மாதம்" என்பதைக் காலண்டரில் 12 வாரமாக, அதாவது 84 நாளாகக் குறியுங்கள். தீபாவளி, கல்யாணம் என்று தள்ளிப்போட்டால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி தலைதூக்கலாம். கோசெரலின் என்றால், அரிசி மணி போன்ற மருந்தைத் தடித்த ஊசியால் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதிகம் தவறு நடப்பது அபிராடெரோனில்தான். வழக்கமான அளவு 1000 மி.கி., அதாவது 250 மி.கி. மாத்திரை நான்கு. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு. இட்லியோடு சேர்த்துப் போட்டால் மருந்து பல மடங்கு கூடுதலாக ரத்தத்தில் ஏறிவிடும். கூடவே தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நேரெதிர். அது சாப்பிட்ட பிறகு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் குழப்பம் நிச்சயம். காலை 5:30 மணிக்குத் தண்ணீரோடு அபிராடெரோன், 7 மணிக்கு டிபன், உடனே பிரெட்னிசோலோன் என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. முகம் ஊதுகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று பிரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது இல்லாவிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். முதல் 3 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை வேண்டும். பிரஷரை வீட்டிலேயே எழுதி வாருங்கள்.

எலும்பு இரண்டு பக்கமும் அடி வாங்கும், நோயாலும் மருந்தாலும். தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், அதோடு வைட்டமின் டி. 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு. எலும்பைக் காக்கும் ஊசிகளான சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ தொடங்குவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

தசை கரைவது வெளியே தெரியாது, தொப்பைதான் தெரியும். நடை மட்டும் போதாது. நாற்காலியில் கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருவது, அதை 2 சுற்று, வாரம் 3 நாள். முதுகெலும்பில் நோய் இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, பனியன் நனையும் அளவுக்கு வேர்க்கும். அது காய்ச்சல் இல்லை. சூடான காபியும் காரமும் கிளப்பிவிடும். தூக்கமே கெட்டால் அதற்கும் மருந்து உண்டு. ஆண்மைக் குறைவு, காரணமில்லாத அழுகை, எரிச்சல் இதெல்லாமும் மருந்தின் வேலைதான். அப்பாக்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள்; டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

புதிதாக முதுகுவலி, கால் மரத்துப்போவது அல்லது தளர்வது, சிறுநீர் அடைப்பு: இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். நடை நின்ற பிறகு போனால் மீட்பது கடினம்.

பிஎஸ்ஏ மறுபடி ஏறினால் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது 50 நானோகிராமுக்கு (ஒரு டெசிலிட்டருக்கு) மேல் இருந்தால் ஊசி சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கீழே இருந்தும் பிஎஸ்ஏ ஏறினால் நோய் ஊசியை மீறிவிட்டது. மாத்திரை மாறும், ஆனால் ஊசி தொடரும்.