திண்ணைக் கதவு

கேள்வி: எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். நான்கு பேர் சேர்ந்து ஐந்து வருடமாக ராக் பேண்ட் நடத்துகிறோம். இங்கிலாந்து ராக் பேண்டான ரேடியோஹெட் மாதிரி மெட்டுக்குக் கட்டுப்படாமல், இரைச்சலையும் இசையாக்கிப் பார்ப்பதுதான் எங்கள் வழி. இப்போது பாடகன் மெலடிக்கு மாறலாம் என்கிறான். மற்ற இருவரும் அவன் பக்கம். இது விலைபோவதில்லையா? ஒத்திகை எங்கள் வீட்டில்தான். அப்பா நாதஸ்வரக்காரர், நாங்கள் ஆரம்பித்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். புது மெட்டை வாசித்த அன்று மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, நாதஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். இருந்த எரிச்சலில் கதவைச் சாத்திவிட்டேன். நான் பேண்டிலிருந்து விலகிவிடட்டுமா?

பதில்: தம்பி, கூட்டாளி மாறிவிட்டான் என்று அழும் கடிதம் எனக்கு மாதம் இரண்டாவது வரும். அது கிடக்கட்டும். முதலில் அந்தக் கதவு.

நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை நீ. சீவாளியை ஒருவர் எப்போது நனைப்பார்? காய்ந்த கொறுக்கைத் தட்டை பேசாது. அதை வாயில் வைத்து ஈரமாக்கி, இரண்டு ஊது ஊதிப் பார்ப்பது வாசிக்கப் போகிறவர் செய்கிற வேலை. ஐந்து வருடமாகத் தன் வீட்டிலேயே கொல்லையில் ஒதுங்கிக் கிடந்த மனிதர், உன்னோடு வாசிக்கத் தயாராக வந்து உட்கார்ந்திருக்கிறார். நீ கதவைச் சாத்தியிருக்கிறாய்! அது உனக்கு ஒரு வரி, பாடகன் செய்தது மட்டும் துரோகமா? அப்பா வீட்டில், அப்பா கட்டும் கரண்ட் பில்லில் ஒத்திகை பார்க்கிறவனுக்கு அவர் காதும் பொறுப்புதான். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

விலைபோவதைப் பற்றிக் கேட்டாய். உங்கள் பக்கத்து நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), உச்ச சுருதியில் ஒலித்த குட்டையான திமிரி நாயனத்தை விட்டு நீளமான பாரி நாயனத்துக்கு வந்தவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்துகொடுத்தார். அந்தக் கீழ்ச்சுருதியின் குழைவில் அவர் வாசித்த தோடி ராகத்தை இன்றைக்கும் பேசுகிறோம். அவர் விலைபோனவரா? நீ சொல்லும் ரேடியோஹெட்டும், 2000இல் 'கிட் ஏ' ஆல்பத்தில் கிடாரைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, 2007இல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தில் மெலடிக்குத் திரும்பியவர்கள்தான்.

விலகும் பேச்சை இப்போது எடுக்காதே. இன்று சாயங்காலமே அப்பாவிடம் மன்னிப்புக் கேள். அவர் நாயனம் எத்தனை கட்டை சுருதி என்றும் கேட்டுக்கொள். பாரி என்றால் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை இருக்கும். இரண்டரை என்றால் கிடாரின் ஆறு கம்பியையும் அரை ஸ்டெப் இறக்கு. ஆம்ப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை. பாடகனையும் வரச் சொல்; அந்த மெட்டை அவனே தொடங்கட்டும்.