வாசலில் நிற்பதும் வாடகைக்கு விடுவதும்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். அம்மா இட்லிக் கடை வைத்து என்னையும் அக்காவையும் வளர்த்தார். செவ்வாய்க்கிழமை என்றால் பாரிமுனை அந்தோணியார் கோயில். பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன். அக்கா குழந்தைக்குக் காய்ச்சல் விடாதபோது, மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் குழந்தையோடு போய் நின்றார். அலுவலகத்தில் இதைச் சொன்னேன். 'பயம்தான் பக்தி' என்று ஒருவர் சிரித்தார். 'இதுதான் நம் மண்ணின் மத நல்லிணக்கம்' என்று இன்னொருவர் நெகிழ்ந்தார்.

எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. சென்ற மாதம் எங்கள் மாடி போர்ஷன் காலியானது. ஒரு முஸ்லிம் குடும்பம் வந்து பார்த்துப் பிடித்துப்போய் முன்பணம் தரவும் தயாராக இருந்தது. சொந்தக்காரர் வருகிறார் என்று பொய் சொல்லி அம்மா அனுப்பிவிட்டார். கேட்டால், 'அக்கம்பக்கம் என்ன சொல்லும்?' என்கிறார். பள்ளிவாசலில் போய் நின்ற அதே அம்மா! அவருடைய பக்தி போலியா? எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் துணைக்குக் கூப்பிடுகிறார். போனால் நானும் நடிக்கிறேன் என்றுதானே ஆகும்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

போலி இல்லை. அதை முதலில் முடித்துவிடுவோம்.

அந்தப் பள்ளிவாசல் முகப்பை மஃரிப் நேரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொழுகை முடியும் முன்பே பெண்கள் வந்து நின்றுவிடுவார்கள். இடுப்பில் குழந்தை, கையில் மூடி கழற்றிய தண்ணீர் பாட்டில். தொழுதுவிட்டு வருகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே குனிந்து, உதடு மட்டும் அசைய ஓதி, குழந்தையின் நெற்றியில் ஊதிவிட்டுப் போவார்கள். பாட்டிலுக்குள்ளும் ஓர் ஊதல். யாரும் பெயர் கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. குங்கும நெற்றியும் சிலுவைச் சங்கிலியும் முக்காடும் ஒரே வரிசையில் நிற்கும். அந்தப் பெண்களில் பலர் கையில் மருந்துக்கடைப் பையும் இருக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். மருந்து வேலை செய்யும் வரையிலான அந்த இரவைக் கடக்க ஏதாவது வேண்டுமே.

'பயம்தான் பக்தி' என்று சிரித்த நண்பரிடம், அலுவலகம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் கடை திறக்காவிட்டால் மறுநாள் மாவுக்குக் காசில்லாத வாழ்க்கையில் பயம் ஒரு குறை அல்ல.

எனக்குக் கோபம் வருவது நெகிழ்ந்த நண்பர்மேல்தான். வடசென்னையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு பல்லவியைக் கையோடு கொண்டுவருகிறார்கள். ஒரே சாலையில் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், ஆகவே நல்லிணக்கம். மூன்று கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்பதால் மனிதர்கள் அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள் என்று ஆகிவிடுமா? ஆடியில் எங்கள் பக்கம் கூழ் ஊற்றும்போது பாத்திரத்தோடு எல்லாத் தெருவும் வரும். ஆனால் கரகம் எந்தத் தெருவுக்குள் திரும்பும், எந்த முனையோடு நின்றுவிடும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களுக்குப் பெரம்பூர் தூரமில்லை. நம் தாத்தாக்கள் பின்னி மில் என்று சொன்ன பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்த இடம். அங்கே ஒரு பக்திச் சபை இருந்தது. வேலை முடிந்த தொழிலாளர்கள் சொற்பொழிவு கேட்க வருவார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஆலையில் படும் பாட்டைச் சொல்லி அழுவார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவைத் தலைமைக்கு அழைத்துவந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதாவது, சாமி கதை கேட்கக் கூடிய கூட்டம் கூலி கேட்கும் கூட்டமாக மாறியது. பக்தியால் ஆகிற காரியம் இது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் என்ன நடந்தது? 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூலி நின்றால் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பது தெரிந்ததுதான். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு வரை போனது. இதில் இந்துவும் முஸ்லிமும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். நல்லிணக்கக் கட்டுரை எழுதுகிறவருக்கு மெச்சிக்கொள்ள அங்கேயும் விஷயம் கிடைத்திருக்கும். எரிந்தது சேரிக் குடிசை.

உங்கள் மாடி போர்ஷன் விவகாரமும் இந்த வகைதான். பள்ளிவாசல் உங்கள் அம்மாவிடம் கேட்டது ஐந்து நிமிடம். வாடகைக்கு வருகிறவர்கள் கேட்பது பதினொரு மாத ஒப்பந்தம், ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் ஒரே துணிக்கொடி. சாமியிடம் போவதற்கு உங்கள் அம்மா யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டை விடுவதற்கு அவர் தெருவிடம் அனுமதி கேட்கிறார். அந்தத் தெருவோ ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச் சட்டியோடு போய் நிற்கும், குடிவரக் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கும். தரகர் வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்று கேட்கிற ஊர் இது. காசிமேட்டு மீன் வாசம் வந்து சேரும் தூரத்தில் 'சைவத்துக்கு மட்டும்' என்று அட்டை தொங்கியதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

அம்மா செய்தது தப்பு. பக்தி போலி இல்லை என்பதால் செய்தது சரி என்று ஆகிவிடாது. ஏழுகிணற்றில் வளர்ந்து கந்தகோட்டத்தில் பாடிய இராமலிங்கர் கடைசியில், யார், என்ன ஆள் என்று கேட்காமல் பசித்தவருக்குச் சோறு போடும் அடுப்பை 1867இல் வடலூரில் மூட்டினார். நம்பிக்கை ஒருவரை அவ்வளவு தூரமும் கொண்டுபோகும். ஆனால் தெருவை எதிர்த்துக்கொண்டுதான் அவரும் போக வேண்டியிருந்தது. இட்லிக் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குத் தெரு என்றால் வாடிக்கையாளர்கள், அவசரத்துக்குக் கைமாற்று, மகளின் புகுந்த வீட்டார் காதுக்குப் போகும் பேச்சு. அந்த விலையை நீங்கள் கணக்கில் எடுக்காமல் 'அதே அம்மா!' என்று ஆச்சரியக்குறி போடுகிறீர்கள்.

அதனால் அவரிடம் கடவுளைப் பற்றி வாதாடாதீர்கள். உங்கள் நாத்திகத்துக்கு அங்கே வேலை இல்லை. 'அக்கம்பக்கம்' என்றால் யார், எந்த வீடு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது இரண்டு வீடுகளாகச் சுருங்கிவிடும். ஒருவர் கடையில் பாக்கி வைத்திருப்பவராகவும் இருக்கலாம். அந்த இரண்டு வீட்டாரிடமும் நீங்கள் போய்ப் பேசுங்கள். சம்பாதிக்கிற மகன் பேசுவதற்கும் தனியாக நின்ற பெண் பேசுவதற்கும் தெருவில் வேறு வேறு மரியாதை. அநியாயம்தான், ஆனால் இந்த ஒரு காரியத்துக்காவது அது பயன்படட்டும்.

செவ்வாய்க்கிழமை தாராளமாகப் போங்கள். அந்தோணியார் வருகைப் பதிவேடு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அம்மா மெழுகுவத்தி ஏற்றும்போது கூட்டத்தில் அவர் சேலைத் தலைப்பில் தீ படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. அதற்கு விசுவாசம் வேண்டாம். மெட்ரோவில் உயர் நீதிமன்றத்தில் இறங்கினால் அரண்மனைக்காரன் தெரு நடக்கிற தூரம்தான். திரும்பும் வழியில் அவர் மனம் லேசாக இருக்கும், பேச்சு எடுக்க நல்ல நேரம்.

ஒன்று மட்டும். அம்மா சம்மதிக்கும் முன்பு அந்தக் குடும்பத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை பொய்க்காரணம் கேட்டுப் படியிறங்கியவர்கள். உங்கள் நல்லெண்ணத்துக்காக அவர்கள் இரண்டாவது முறையும் படியேறி இறங்க வேண்டாம்.